இஸ்லாமிய நிதியும் சாமானியரின் பணக் கணக்கும்: பேராசிரியர் வேலைக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் பி.காம். முடித்துவிட்டு முதுகலை படிக்கக் கோலாலம்பூர் வந்தவன் நான். முனைவர் பட்டமும் இங்கேயே முடிந்தது. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடங்கள் நடத்துகிறேன். ஒன்று இஸ்லாமிய நிதி. மற்றொன்று நுகர்வோர் நிதியறிவு, அதாவது சாதாரண மனிதர் தன் கடன், சேமிப்பு, காப்பீடு பற்றி எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறார் என்கிற படிப்பு. கல்லூரி முடியும் காலம் வந்தால் போதும், ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்து விழும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

இஸ்லாமிய நிதி என்றால் வட்டி இல்லாத வங்கி. அவ்வளவுதானே?

பாதி சரி. பணத்தைக் கொடுத்து, கூடுதல் பணம் வாங்குவது ரிபா, அதாவது வட்டி. அது கூடாது. ஆனால் பொருளை வாங்கி லாபம் வைத்து விற்கலாம் (முராபஹா), வாடகைக்கு விடலாம் (இஜாரா), கூட்டு வியாபாரம் செய்யலாம் (முஷாரகா), ஒருவர் முதல் போட இன்னொருவர் உழைக்கலாம் (முதாரபா). வங்கிகள் இந்த ஒப்பந்தங்களை வைத்துத்தான் வீடு, வண்டி, வியாபாரத்துக்குப் பணம் தருகின்றன. எங்கே என்ன கிடைக்கும் என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளும் வியாபாரமும் (கரர்), சூதும் கூடாது. காப்பீட்டுக்குப் பதிலாக, எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு நஷ்டப்பட்டவருக்கு உதவும் தக்காஃபுல் வந்ததற்கு அதுதான் காரணம்.

மீதிப் பாதி கணக்கு. ஒரு லட்ச ரூபாய் பைக்கை வங்கி வாங்கி 1,20,000-க்கு உங்களுக்கு விற்கிறது, 24 மாதம், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். "வருஷத்துக்கு 10 சதவீத லாபம்தான்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். குறைந்துவரும் பாக்கியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 18 சதவீதம் வரும். ஊரில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் சொல்லும் 'பிளாட் வட்டி' இதே வித்தைதான். ஒப்பந்தம் மார்க்கப்படி சரியாக இருக்கலாம். விலை கட்டுப்படியாகிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தத் துறைக்குள் பாதி வந்துவிட்டீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

ஏன் மலேசியா? வளைகுடாவில்தானே பணம்?

பணம் அங்கே. படிப்பு இங்கே. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன், ஆனால் காரணம் இருக்கிறது.

1950-களில் மலாயா கிராமங்களில் ஹஜ் போக ஆசைப்பட்டவர்கள் வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கம் போகாமல் வீட்டிலேயே பணத்தை ஒளித்துவைப்பார்கள். போதாவிட்டால் நிலத்தையும் மாட்டையும் விற்பார்கள். ஹஜ் முடிந்து திரும்பினால் பிழைக்க வழி இருக்காது. உங்கு அஜீஸ் என்ற பொருளியல் பேராசிரியர் இதை ஆராய்ந்து, 1959-இல் வட்டியில்லாத ஹஜ் சேமிப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதிலிருந்து 1963-இல் ஒரு சேமிப்பு நிறுவனம் பிறந்தது. 1969-இல் அது தாபுங் ஹாஜி ஆனது. மலேசியாவின் முதல் இஸ்லாமிய வங்கியான பேங்க் இஸ்லாம் வந்தது 1983-இல்தான். அதற்கு இருபது ஆண்டு முன்பே, ஒரு கல்வியாளர் கிராமத்து மனிதரின் சேமிப்புப் பழக்கத்தைக் கவனித்து ஆரம்பித்துவைத்த கதை இது. எகிப்தின் மித் ஃகம்ர் ஊரிலும் அதே 1963-இல் ஒரு சிறுசேமிப்பு வங்கிதான் தொடக்கம். வானுயரக் கட்டடங்களும், சுகூக் எனப்படும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களும் பின்னால் வந்தவை. சாமானியரின் பணக் கணக்கில் பிறந்த துறை, வளர்ந்த பிறகு அவரை மறந்துவிட்டது என்பது என் நெடுநாள் புகார்.

சரி, படிப்புக்கு வருவோம். சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 1983-இலும், இஸ்லாமிய நிதிக்கென்றே மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏற்படுத்திய இன்சீஃப் 2005-இலும் வந்தன. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.எஸ்.பி.யின் தலைமையகமும் கோலாலம்பூரில்தான். கணக்கியல், ஷரீஆ (இஸ்லாமியச் சட்டம்) தரநிலைகளை வகுக்கும் ஆயோஃபி மட்டும் பஹ்ரைனில் இருக்கிறது. இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்கு இத்துறையில் நல்ல பெயர் உண்டு.

இதில் நிதியறிவு எங்கே வருகிறது? இரண்டும் வேறு வேறு துறை இல்லையா?

வேறுதான். அதுதான் சிக்கல், வாய்ப்பும் அதுவே.

நிதியறிவை அளக்க உலகமே பயன்படுத்தும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றுக்காக 2004 வாக்கில் உருவாக்கியவை. முதல் கேள்வி இப்படிப் போகும்: சேமிப்புக் கணக்கில் 100 டாலர், ஆண்டுக்கு 2 சதவீத வட்டி. ஐந்து ஆண்டு தொடாமல் விட்டால் 102 டாலருக்கு அதிகமாக இருக்குமா, சரியாக 102 இருக்குமா, குறைவாக இருக்குமா? இரண்டாவது கேள்வி பணவீக்கம் பற்றியது. மூன்றாவது, முதலீட்டைப் பிரித்துப் போடுவது பற்றியது.

ஒரு முறை என் உம்மாவிடம் முதல் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "நமக்கு எதுக்கு வாப்பா வட்டிக் கணக்கு" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். அளவுகோலின்படி அவருக்கு முதல் கேள்வியில் பூஜ்யம். அதே உம்மா ரமளான் வந்தால் தன் நகை 85 கிராமைத் தாண்டுகிறதா, அதாவது ஏறத்தாழ 11 பவுன் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைய தங்க விலையில் கட்டாய தர்மமான ஜகாத், அதாவது நாற்பதில் ஒரு பங்கு, என்ன வரும் என்று காகிதம் இல்லாமல் சொல்லுவார். (ஒரு நகைக்கு ஒரு முறை கொடுத்தால் போதுமா, வருஷா வருஷம் கொடுக்க வேண்டுமா என்று தமிழ்நாட்டில் நடந்த சண்டைக்குள் நான் போகவில்லை.) அவருக்கு நிதியறிவு இல்லை என்று எப்படிச் சொல்வது? கேள்வி தவறா, பதில் தவறா?

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதற்கென்றே தனி அளவுகோல்களை உருவாக்கிப் பார்க்கிறார்கள். இந்தோனேசிய நிதி ஆணையம் 2019-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பொதுவான நிதியறிவு 38.03 சதவீதம். ஷரீஆ நிதியறிவு 8.93 சதவீதம். உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகம் வாழும் நாடுகளில் ஒன்று அது. முதாரபா என்றால் என்ன என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முழிக்கும் நிலை அன்று இருந்தது என்றால், அந்தப் பெயரை ஒட்டி யார் எதை விற்றாலும் வாங்கிவிடுவார்கள் என்றுதான் பொருள்.

"ஹலால் முதலீடு" என்று ஊரில் ஏமாந்தவர்கள் ஏராளம். உங்கள் படிப்பு அதைத் தடுத்ததா?

இல்லை. நேர்மையாகச் சொன்னால் எங்கள் துறை அதைப் பார்க்கவே இல்லை.

2019 ஜூனில் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. என்ற "ஹலால் முதலீட்டு" நிறுவனம் முடங்கி அதன் நிறுவனர் நாட்டை விட்டே போனபோது, பல்லாயிரம் பேர் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பெரும்பாலோர் நடுத்தர, ஏழை முஸ்லிம் குடும்பங்கள். வட்டி வேண்டாம் என்று வங்கியைத் தவிர்த்தவர்கள், "லாபத்தில் பங்கு" என்று மாதாமாதம் வந்த பணத்தை நம்பினார்கள். வியாபாரத்தில் பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு இருக்க வேண்டும். எந்த மாதமும் நஷ்டமே வராத பங்கு எப்படி முஷாரகா ஆகும்? இந்த ஒரு கேள்வியை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசியிருந்தால் சில குடும்பங்களாவது தப்பியிருக்கும். பேசுவதற்கு ஆளில்லை. அந்த ஆண்டு நானும் என் சக ஆசிரியர்களும் சுகூக் விலை ஏற்ற இறக்கம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நிதியறிவுப் பக்கம் முழுதாகத் திரும்பினேன். என் குடும்பத்திலும் ஒருவர் வேறொரு நிறுவனத்தில் இதே போல் பணம் போட்டு இழந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ வெளிநாட்டில் பெரிய படிப்புப் படிக்கிறாய், இது சின்ன விஷயம்" என்று நினைத்தாராம்.

என்ன பட்டம் படிக்க வேண்டும்?

இளநிலையில் வணிகவியல், பொருளியல், கணக்கியல், சட்டம் எதுவானாலும் சரி. புள்ளியியல் பயம் மட்டும் கூடாது. முதுகலையில் இஸ்லாமிய நிதி. முனைவர் பட்டம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கஷ்டம். மொத்தம் எட்டு முதல் பத்து ஆண்டு என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வங்கியில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் நல்ல ஆய்வாளர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த அனுபவம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

இன்சீஃபின் சி.ஐ.எஃப்.பி., ஆயோஃபியின் ஷரீஆ தணிக்கைச் சான்றிதழ் போன்றவை வங்கி வேலைக்கு உதவும். பேராசிரியர் வேலைக்கு அவை கூடுதல் தகுதி, அவ்வளவுதான்.

ஆலிம் (மார்க்க அறிஞர்) படிப்பு வேண்டுமா? அரபி தெரியாது.

வேண்டியதில்லை. ஆனால் முஆமலாத் எனப்படும் கொடுக்கல் வாங்கல் சட்டங்களின் அடிப்படை தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது. அதற்கான அரபிச் சொற்களை ஓராண்டில் பிடித்துவிடலாம். மூலநூல் படிக்கும் அளவுக்கு அரபி வந்தால் அது பெரிய சொத்து. நம் மதரஸாக்களில் படித்த மவ்லவிகள் பலர் பொருளியல் கற்க இங்கே வருகிறார்கள். கணக்கில் முதலில் தடுமாறுவார்கள், ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்வதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள்.

கட்டுரை எழுத ஆங்கிலம் வேண்டும். மலேசியாவில் மக்களிடம் போய்ப் பேச மலாய் வேண்டும். தமிழும் வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கீழே சொல்கிறேன்.

ஷரீஆ ஆலோசகர் ஆவதும் பேராசிரியர் ஆவதும் ஒன்றா?

ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கலாம். மலேசியாவில், ஒப்பந்தங்கள் மார்க்கப்படி சரியா என்று பார்க்கும் வங்கிகளின் ஷரீஆ குழுக்களில் பாதிப் பேர் பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்று சொல்லும் அளவுக்கு இது சகஜம். உலகின் வேறு இடங்களில் ஒரே அறிஞர் பத்துப் பதினைந்து வங்கிகளின் குழுக்களில் உட்கார்ந்திருப்பார். இங்கே ஒருவர் ஒரு துறையில் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே குழு உறுப்பினராக இருக்கலாம் என்று மத்திய வங்கி விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. அதோடு 1997-இல் மத்திய வங்கியில் அமைந்த ஷரீஆ ஆலோசனைக் குழுவின் தீர்ப்பு இப்போது நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

ஆனால் ஒன்று. ஒரு வங்கியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வங்கியின் கடன் திட்டத்தை விமர்சித்து ஆய்வுக்கட்டுரை எழுதுவது எளிதில்லை. எந்தப் பக்கம் நிற்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

ஆய்வுத் தலைப்பு சொல்லுங்கள்.

முதலில் எது வேண்டாம் என்று சொல்கிறேன். "இஸ்லாமிய வங்கியைத் தேர்ந்தெடுக்க வாடிக்கையாளரைத் தூண்டும் காரணிகள்", கேள்வித்தாள், 384 பேர், அம்புக்குறிகள் நிறைந்த ஒரு படம். இந்த 384 எங்கிருந்து வருகிறது என்று பலருக்கே தெரியாது. 1970-இல் வந்த ஒரு மாதிரி அளவு அட்டவணையின் கடைசி வரிசை அது. மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் 384 போதும் என்று சொல்லும். நான் மேற்பார்வையாளனாக வந்த பிறகு 384 என்ற எண்ணைப் பார்த்தாலே தலைவலி வருகிறது.

வேண்டியது இவை. இங்கே 2000-களின் நடுவில் வந்த ஒரு வழக்கைப் பாருங்கள். வீடு வாங்க வங்கியிடம் தவணை விற்பனை ஒப்பந்தம் போட்டவர். விற்பனை விலை 9,92,363 ரிங்கிட். அவர் சுமார் 33,454 ரிங்கிட் கட்டிய நிலையில் தவணை நின்றது. வங்கி மீதி முழுவதையும், அதாவது 9,58,909 ரிங்கிட்டையும் கேட்டது. இன்னும் வராத ஆண்டுகளின் லாபமும் அதில் அடக்கம். "ஒப்பந்த விலை அதுதானே" என்பது வங்கியின் வாதம். வராத காலத்துக்கு லாபம் கேட்க முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. முன்கூட்டியே கடன் தீர்ந்தால் வங்கி தள்ளுபடி (இப்ரா) தந்தே ஆக வேண்டும் என்று மத்திய வங்கி 2011-இல் கட்டாயமாக்கியது. இன்று மலேசியாவில் வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இப்ரா என்ற சொல் தெரியும்? இதுதான் தலைப்பு.

இன்னொன்று அடகு. 1992-இல் திரெங்கானுவில் அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய நகை அடகு தொடங்கியது. கடனுக்கு வட்டி இல்லை, நகையைப் பத்திரமாக வைத்திருப்பதற்குக் கூலி உண்டு. கூலியை நகையின் மதிப்பில் கணக்கிடுவதா, கடனின் அளவிலா? பிந்தையது என்றால் அது வட்டிக்கு எவ்வளவு பக்கம்? மார்வாடிக் கடையில் நகை வைத்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

மூன்றாவது சீட்டு. குலுக்கல் சீட்டில் எல்லோரும் போட்டதை எல்லோரும் எடுக்கிறார்கள். ஏலச் சீட்டில் அவசரப்பட்டவர் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு முன்னதாக எடுக்கிறார், தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பிரிகிறது. இரண்டுக்கும் மார்க்கத் தீர்ப்பு ஒன்றா? நம் பெண்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? தமிழ் தெரிந்த ஒருவரால்தான் இதை ஆராய முடியும். தமிழும் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இதெல்லாம் பெயர் மாற்றிய வட்டிதானே?

வகுப்பில் முதல் நாளே யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நானே கேட்பேன். துறைக்கு உள்ளேயே இந்தச் சண்டை ஓயவில்லை. மலேசியா ஏற்றுக்கொண்ட பைஉல் ஈனா, அதாவது ஒரே பொருளை விற்று உடனே திரும்ப வாங்கும் முறையை வளைகுடா அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. தவணையில் வாங்கிய பொருளை உடனே மூன்றாமவருக்கு விற்றுப் பணமாக்குவது தவர்ருக். வங்கிகளே முன்கூட்டி ஏற்பாடு செய்யும், இன்று அவை பெரிதும் நம்பியிருக்கும் திட்டமிட்ட தவர்ருக்கை இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 2009-இல் ஷார்ஜாவில் கூடிக் கூடாது என்றது. வங்கிகள் இன்னும் அதைச் செய்கின்றன. நம் நாட்டுக்காரரான முஹம்மத் நஜாத்துல்லாஹ் சித்தீகி, கோரக்பூரில் பிறந்து அலிகரில் கற்பித்து ஜித்தா போனவர், 1982-இல் சவூதியின் மன்னர் ஃபைஸல் விருது பெற்றவர், இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். அவரே பிற்காலத்தில் தவர்ருக்கை எதிர்த்தார். ஆகவே கேள்வி கேட்பது துரோகம் இல்லை, வேலையில் பாதி அதுதான்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வேலை உண்டா?

இந்தியாவில் வட்டியில்லா வங்கிக்கு 2008-இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆக, முழு வங்கி இல்லை. ஷரீஆ பங்குக் குறியீடும் டாடா எத்திகல் ஃபண்ட் என்ற பரஸ்பர நிதியும் உண்டு. இத்துறைக்கென்று ஆசிரியர் பணி மிகக் குறைவு. ஆனால் நிதியறிவுப் பக்கம் வேலை கொட்டிக்கிடக்கிறது. 2019-இல் தேசிய நிதிக்கல்வி மையம் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீத இந்தியர்களே தேறினார்கள்.

இலங்கையில் 2005-இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கிக்கு வழி திறந்தது. 2011-இல் அமானா வங்கி வந்தது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கு ஒரு பீடமே இருக்கிறது. தமிழில் படித்து, தமிழில் கற்பித்து இத்துறையில் வாழ வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் கிழக்கிலங்கைதான்.

நான் முஸ்லிம் இல்லை. வரலாமா?

தாராளமாக. என் வகுப்பில் ஈப்போ, கிள்ளான் தமிழ்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எப்போதும் உண்டு. மலேசியாவில் இஸ்லாமிய வங்கிகளின் வாடிக்கையாளர்களில் முஸ்லிம் அல்லாதவர்கள் கணிசமானோர். மாதத் தவணை குறைவாக இருந்தது என்று எடுத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்ட பத்திரம் கடன் பத்திரமா, விற்பனைப் பத்திரமா என்று தெரியாது. அவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டாமா?

சம்பளம்?

வங்கியில் கிடைப்பதைவிடக் குறைவு. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் சொந்த வீட்டுக் கடன் எந்த வகை?

இதை யாரும் கேட்பதில்லை, ஒரே ஒரு மாணவி கேட்டாள். குறையும் பங்குக் கூட்டு, முஷாரகா முதனாகிஸா. நானும் வங்கியும் சேர்ந்து வீட்டை வாங்கி, வங்கியின் பங்கை நான் மாதாமாதம் வாங்கிக்கொண்டே வருவது. வங்கியின் பங்குக்கு நான் தரும் வாடகை மாறும் விகிதம். 2022 மேயில் மத்திய வங்கி, மற்ற வட்டி விகிதங்களுக்கு அடிப்படையான தன் கொள்கை விகிதத்தை 1.75-இலிருந்து ஏற்ற ஆரம்பித்து ஓராண்டில் 3.00 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. எங்கள் தவணையும் ஏறியது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "வட்டி இல்லாத வீடு என்றீர்கள். அவர்கள் வட்டியை ஏற்றினால் நமக்கு எதற்கு ஏறுகிறது?"

வாடகையை நிர்ணயிக்கச் சந்தை விகிதத்தை ஓர் அளவுகோலாக மட்டும் வைத்திருக்கிறார்கள், அளவுகோல் ஹராம் ஆனதால் அளந்த துணி ஹராம் ஆகாது என்று வகுப்பில் சொல்லும் பதிலைச் சொன்னேன். "அப்போது துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஏன் அதே அளவுகோலை வைத்திருக்கிறார்கள்?" என்றாள். பீரோவைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்து உச்சவரம்பு விகிதம் எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடினோம். 10 சதவீதம். அதற்கு மேல் ஏறாது. நான் முனைவர் பட்டம் வாங்கியவன், அந்தப் பக்கத்தை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.